செய்தது: ஞானமுத்து, பாளையங்கோட்டை

ஒரு பொருளைச் செய்து முடித்தால் அதில் என் பெயரைப் பொறிக்காமல் என்னால் இருக்க முடியாது. இதை வியாதி என்று என் மனைவி எஸ்தர் சொல்கிறாள். நான் குணம் என்பேன். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் குணம் உண்டு. எங்கள் கோயிலில் பெஞ்சு, மணிக்கூண்டு, காணிக்கைப் பை மாட்டிய கோல் வரைக்கும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். (ஒருவர் வாசல் மிதியடிக்குக்கூடப் பித்தளைத் தகடு வைத்துக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் ஊரார் அவர் பெயரை மிதித்தே தேய்த்துவிட்டார்கள்.) நானோ மரவேலை வாத்தியார். கொடுக்க வசதியில்லை, செய்யத்தான் தெரியும். ஆகவே என் தகடுகளில் ‘செய்தது: ஞானமுத்து, பாளையங்கோட்டை’ என்று இருக்கும். இந்த மூன்று சொற்கள் ஒரு நாள் என்னை ஜெயில் வாசல்வரை கூட்டிக்கொண்டு போயின.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாமனார் தாவீதுக்குப் பாபநாசம் பக்கத்தில், மலையடியில், எட்டுக் கோட்டை விதைப்பாடு வயல். பிசானப் பருவத்து நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். முந்திய வருஷம் பாதி வயலை உழுதுவிட்டே போயிருந்தன. மாமா அலையாய் அலைந்து ஒரு லைசென்ஸ் வாங்கி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து துப்பாக்கியையும் வாங்கிவிட்டார்.

அது அமெரிக்காவில் செய்தது. குழலுக்குக் கீழே ஒரு கைப்பிடிக் கட்டை இருக்கும். அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரிலிருந்த மற்றத் துப்பாக்கிகளில் ஒரு வெடி போட்டுவிட்டு மறுபடி மருந்தை இடித்துக் கெட்டிப்பதற்குள் பன்றி கல்லிடைக்குறிச்சிக்கே போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் இது அதிசயம்தான்.

ஆனால் துரை ஆறடி உயரம். மாமா ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. துரையின் தோளுக்காகச் செய்த பின்கட்டை மாமாவுக்கு ஏணி பிடித்த மாதிரி இருந்தது. முதல் வெடியிலேயே வரப்பிலிருந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“மருமவனே, பன்னி என்னைத் திரும்பிப் பாத்து நின்னுட்டுப் போவுது. சிரிச்சுதோ என்னமோ” என்றார்.

கேட்டதும் எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். கிறிஸ்துமஸ் லீவு முழுவதும் மாமாவின் கொட்டகையில் கிடந்தேன். தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பதுபோல மாமாவின் கையையும் தோளையும் அளந்து, பலா மரத்தில் புதுப் பின்கட்டை செதுக்கினேன். தோளில் படும் இடத்துக்கு இலவம் பஞ்சு அடைத்துத் தோல் மெத்தை தைத்தேன். முன்கைப்பிடியை வேங்கையில் செய்து, கை வழுக்காமலிருக்க மீன் செதில்போல் வரி வெட்டினேன். முதலில் செய்த கைப்பிடி மழை ஈரத்தில் ஊதி இறுகிக்கொண்டது. மாமா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக வடம் இழுத்தோம். (தோட்டா இல்லை, பயப்படாதீர்கள்.) இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வெண்ணெயில் போவதுபோலப் போய் வந்தது.

பெருமையாகவே சொல்கிறேன், அந்தத் துப்பாக்கி பிறந்தது அமெரிக்காவில், ஆளானது என் கையில். அந்தப் பிசானத்தில் மாமா மூன்று பன்றி அடித்தார். ஒரு தடவைகூட உட்காரவில்லை. நெல் முழுதாக வீடு வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் துப்பாக்கியின் இரும்புப் பக்கத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நீள நம்பரும் கன்னாபின்னாவென்று கிடந்தன. என் வேலைப்பாட்டுக்கு நடுவே அது கண்ணை உறுத்தியது. இரண்டு பக்கமும் மயில் வைத்து, நடுவில் என் மூன்று சொற்களையும் வெட்டி, ஒரு பித்தளைத் தகட்டை அரக்குப் போட்டு அதன்மேல் ஒட்டிவிட்டேன்.

சில மாதம் கழித்து ஜில்லாவின் கலெக்டர் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகளுக்கு வியர்த்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியையும் தாளையும் தாசில்தாரின் தாலுகா கச்சேரியில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. தாளும் துப்பாக்கியும் பொருந்தவில்லை என்றால் பறிமுதல். பறிபோனால் அடுத்த பிசானம் பன்றிக்குத்தான். மாமாவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான் மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினேன். என் வேலையைத் தாசில்தார் பார்க்கப் போகிறாரே!

தாசில்தார் தாளை வாசித்தார். “அமெரிக்க வேலை. கறுத்த கட்டை.” துப்பாக்கியைப் பார்த்தார். கட்டை மஞ்சள் பூசிக் குளித்ததுபோல மின்னியது. பிறகு தகட்டை வாசித்தார்.

“யார் இந்த ஞானமுத்து?”

நான் முடியைத் தடவிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தேன். “நான்தான், ஐயா.”

“நீரா செய்தது?”

“ஆமா ஐயா. முச்சூடும் கை வேலை. மெஷின் கிடையாது.” (ஆண்டவர் என் நாக்கைக் கட்ட இதுவே நல்ல சமயம். கட்டவில்லை.)

“எங்கே வைத்து?”

“வீட்டுக் கொட்டகையில.”

“இதுவரை எத்தனை துப்பாக்கி?”

“இதுதான் முதல். இன்னும் ரெண்டு பேரு கேட்டிருக்காக. எனக்குத்தான் நேரம் இல்ல.”

மாமா என் தொடையைக் கிள்ளினார். மருமகனை நினைத்துப் பூரித்துப்போய்க் கிள்ளுகிறார் என்று நினைத்தேன். சேவகன் போய் வாசற்படியை மறித்து நின்றபோதுதான் அது பூரிப்பில் கிள்ளிய கிள்ளு இல்லை என்று எனக்கு உறைத்தது.

ஹெட் குமாஸ்தா பைய என் காதருகே வந்தார். “என்ன அண்ணாச்சி, லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செஞ்சா எத்தன வருஷம் தெரியுமா? அதுவும் இந்த நேரத்துல?”

மாமா எப்போதும் என்னை ‘நீங்க’ என்றுதான் சொல்லுவார். அன்றைக்கு அது காற்றில் போயிற்று.

“சொல்லும்வே! நீரு செய்யலன்னு சொல்லும்! ஐயா, இவரு பெஞ்சி செய்யுதவரு. கட்டையை மாத்துனாரு, அம்புட்டுதான். துப்பாக்கி அமெரிக்காக்காரன் செஞ்சதுதான்.”

“அப்படியானால் நம்பர் எங்கே?”

“தகட்டுக்கு அடியில இருக்கு” என்றேன்.

“ஏன் மறைத்தீர்?”

“பாக்க நல்லா இல்ல, ஐயா.”

தாசில்தார் என்னை வெகு நேரம் பார்த்தார். இப்படி ஒரு ராஜத்துரோகியை அவர் அதுவரை கண்டதில்லை போலும்.

சர்க்கார் முத்திரைக்கு அரக்கு உருக்கும் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். குமாஸ்தா தகட்டைச் சூடு காட்டி நெம்பினார். அசையவில்லை. மறுபடி நெம்பினார். அப்போதும் அசையவில்லை. கும்பிட்ட கையோடு நின்ற எனக்கு, சொல்லவே கேவலம், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் ஒட்டியது அல்லவா! மூன்றாம் தடவை தகடு கழன்று மேஜையில் விழுந்தது. குமாஸ்தா நம்பரை ஒவ்வொன்றாக வாசிக்க, தாசில்தார் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் பொருந்திற்று. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

தாசில்தார் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். “இத்துப்பாக்கியை நான் செய்யவில்லை. செய்யும் திறமையும் எனக்கு இல்லை.”

முதல் வரியை மளமளவென்று எழுதிவிட்டேன். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

“ஐயா, முதல் வரி மட்டும் போதாதா?”

“எழுதும்வே!” என்று தரையிலிருந்து மாமா கத்தினார்.

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். வாழ்க்கையில் என் பெயரை எழுத மனம் வராதது அந்த ஒரு தடவைதான்.

தாளை வாங்கிக்கொண்ட தாசில்தார், துப்பாக்கியை ஒரு தடவை தோளில் வைத்துப் பார்த்தார். கைப்பிடியை இழுத்துத் தள்ளினார். பிறகு லைசென்சில் அடையாளத்தை மாற்றி எழுதச் சொன்னார். “பலாமரக் கட்டை. வேங்கைக் கைப்பிடி. வேலைப்பாடு நன்று.”

சர்க்கார் தாளில் அப்படித்தான் இருந்தது, ‘நன்று’ என்று. திரும்பும்போது வண்டி விக்கிரமசிங்கபுரத்தைத் தாண்டியதும் மாமா துப்பாக்கியை மடியில் வைத்துத் தடவினார். அப்புறம், “கட்டை நல்லாத்தான் செஞ்சிருக்கிய, மருமவனே” என்றார். ‘நீங்க’ திரும்பி வந்துவிட்டது. அந்தக் கட்டை அவர் காலம்வரை விரிசல் விடவில்லை.

போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம். சீருக்காக நானே தேக்குக் கட்டில் ஒன்று செய்திருந்தேன். சம்பந்தி அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “அருமையான வேலை. யாரு செஞ்சது?” என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் எஸ்தர் முந்திக்கொண்டாள்.

“இவுக இல்ல, அண்ணாச்சி. தனக்குத் திறமையே கிடையாதுன்னு சர்க்காருக்கே எழுதிக் குடுத்திருக்காக.”