மலை ஏறாத மலை வண்டிக்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வீட்டு முற்றத்தில் ஒரு மலை வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த வண்டி மலைக்கு மட்டும் போகாது. காட்டுக்குள் நுழையாது, ஓடையைக் கடக்காது, சேற்றில் சக்கரம் வைக்காது. ஏனென்றால் அது இன்னும் தயாராகவில்லை. போன வருஷமும் தயாராகவில்லை. அதற்கு முந்தைய வருஷம் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது. அந்தப் பயத்தில்தானோ என்னவோ, உடனே முன் ஆக்சிலைக் கழற்றிக் கீழே வைத்தார்கள்.

இவர்களைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். வால்யெவோ என்ற எங்கள் ஊரில் ஒரு வாகனப் பரிசோதனை நிலையத்தில், இருபத்திரண்டு வருஷமாகக் குழிக்குள் நின்று வண்டிகளின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ரோட்டில் நின்று பார்ப்பவனை ஏமாற்றலாம். கதவில் சேறு, கண்ணாடியில் சேறு, கூரை விளக்கில்கூடச் சேறு. அடடா, எந்தக் காட்டைக் கலக்கிவிட்டு வந்திருக்கிறான் என்று வாயைப் பிளப்பான். எனக்கல்லவா தெரியும்! குழியிலிருந்து விளக்கடித்துப் பார்த்தால், விளக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி அடிப்பாகம் பளபளக்கும். சேறு என்ன, வானத்திலிருந்தா பெய்கிறது? தோட்டத்து மண்ணை வாளியில் கரைத்து, துடைப்பத்தால் கதவில் தெளித்த ஒரு மகானுபாவரை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். போட்டோ எடுத்து முடிந்ததும், பெயின்ட் கெட்டுவிடுமே என்று அவசர அவசரமாகக் கழுவியும் விட்டார்.

அந்த மகானுபாவர் என் பக்கத்து வீட்டுக்காரர்தான். பெயர் ரதிசாவ். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். இந்த நாட்டில் உள்ள ஒவ்வொரு மலையின் உயரமும் அவருக்கு மனப்பாடம். எதிலாவது ஏறியிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், காட்டிலாகா கழித்துப் போட்ட ஒரு பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்தார். வந்த அன்றே, "அடி உயரம் பத்தாது" என்றார். உயரமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கினார். தூக்கியதும் டயர் சிறிசாகத் தெரிந்தது. பெரிய டயர் போட்டார். பெரிய டயர் போட்டதும் ஸ்டியரிங் முழுசாகத் திரும்பவில்லை. இப்போது வாசல் கேட்டைத் தாண்டவே மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சுவிடக் கூரை வரைக்கும் ஒரு குழாய் வைத்திருக்கிறார்; அந்த ஜீப் இதுவரை பார்த்த தண்ணீர், அவர் மனைவி தக்காளிச் செடிக்குப் பிடிக்கும் ரப்பர் குழாய்த் தண்ணீர்தான். வண்டி எத்தனை டிகிரி சாய்கிறது என்று காட்ட ஒரு கடிகாரமும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது அது நன்றாக வேலை செய்கிறது.

சனிக்கிழமை தோறும் சபை கூடும். இதே இனத்தைச் சேர்ந்த இன்னும் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் வண்டிக்கு அடியில் படுப்பார். ஒருவர் விளக்குப் பிடிப்பார். மற்ற இருவர் பிராந்திக் கோப்பையைப் பிடிப்பார்கள். ஒரு போல்ட்டைக் கழற்ற நான்கு அபிப்பிராயங்கள் சொல்லப்படும். எது பேசினாலும் கடைசியில் ரதிசாவ் ஸ்பானரைத் துடைத்தபடி அதே வாக்கியத்துக்குத்தான் வந்து சேருவார்: "இது ஒண்ணு மட்டும் முடிஞ்சுட்டா போதும்ப்பா. அப்புறம் பாரு!" ஆறு வருஷமாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த இனத்தின் தலையாய சடங்கு ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சட்டப்படி, வண்டியின் பதிவுப் பத்திரத்தில் இல்லாத எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. ஆகவே வருஷப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். பெரிய டயர், உயர ஸ்பிரிங், இரும்பு பம்பர், சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச், குழாய், கூரை விளக்கு எல்லாம் கொட்டகைக்குப் போகும். காட்டிலாகா காலத்து ஒல்லி டயரும் பழைய ஸ்பிரிங்கும் பம்பரும் வெளியே வரும். பிறந்த கோலத்தில் வண்டி என் குழிமேல் வந்து நிற்கும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போடுவேன். மறுநாளே எல்லாவற்றையும் திரும்ப மாட்ட ஆரம்பிப்பார். மாட்டி முடிக்கப் பதினோரு மாதம் ஆகும். அதற்குள் அடுத்த பரிசோதனை வந்துவிடும். இதுவும் ஒரு பிழைப்பா?

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஜீப் எதற்காக வாங்கப்பட்டது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வராது. ரதிசாவின் மனைவி ஸ்தானிகா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மேலே மலைச்சரிவில் அவள் அப்பா விட்டுப்போன அறுபது பிளம் மரங்கள் இருக்கின்றன. பாதை கல்லும் பள்ளமுமாக இருக்கும், சாதாரணக் கார் போகாது. செப்டம்பரில் பழத்தைக் கீழே கொண்டுவந்து, பீப்பாயில் ஊறப்போட்டு, முறை வரும்போது ஊர்க் கொப்பரையில் பிராந்தி காய்ச்ச வேண்டும். அதற்காகத்தான் ஜீப். ஆறு செப்டம்பர் போய்விட்டது. அறுபது மரத்துப் பழமும் தரையில் விழுந்து, குளவிகள் தின்று கொழுத்தன. போன குளிர்காலத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி மிலாதின் வந்து, "வர்ற வருஷமும் பழம் மேலயே அழுகுச்சுன்னா மரத்த வெட்டிட்டு எனக்கு ராஸ்பெரி போடக் குடுத்துரு அக்கா" என்றான். நியாயமான பேச்சு. அவளும் சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டாள்.

டிராக்டர் பிடித்திருக்கலாமே என்பீர்கள். அதையும் முயன்றாள். போன செப்டம்பரில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன்.

"டிராக்டர்காரன்கிட்ட போயி நின்னியாமே?"

"நின்னேன். பழம் விழ ஆரம்பிச்சிருச்சு."

"நம்ம வாசல்ல இப்படி ஒரு வண்டிய வெச்சுக்கிட்டு, அடுத்தவன் டிராக்டர்ல பழம் எறக்குனா ஊரு காறித் துப்பாது? நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்குவேன்?"

"அப்ப நம்ம வண்டியிலயே போவோம்."

"இந்த நெலமையிலயா? பின்னாடி ஷாக் அப்சார்பரே இன்னும் வரல. காடுன்னா உனக்கு வெளையாட்டாப் போச்சா?"

"எப்ப வரும்?"

"போலந்துலேர்ந்து கெளம்பிருச்சாம்."

"என் பழத்துக்குப் போலந்தெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வேலியோரம் என்னைப் பார்த்து, "பொம்பளைங்களுக்கு மெக்கானிக்கல் வெவரம் பத்தாது" என்று கண்ணடித்தார்.

இந்த வருஷப் பரிசோதனை, பழம் கனிந்த அதே வாரத்தில் வந்தது. சடங்குப்படி எல்லாம் கழற்றியாயிற்று. வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவர வேண்டும். அதே வியாழக்கிழமைதான் போலந்துப் பார்சலும் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் வேண்டும். "நான் வாங்கி வெக்கிறேன்" என்றாளாம் ஸ்தானிகா. "பெட்டியில அடிபட்டிருந்தா உனக்குத் தெரியுமா?" என்று மறுத்துவிட்டார். பார்சலைப் பெறும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, வண்டியை ஓட்டும் அற்ப வேலையை அவளிடம் கொடுத்தார். ஆறு வருஷத்தில் சாவி அவள் கைக்கு வந்தது அன்றுதான்.

குழிக்குள் நின்று பார்த்தேன். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. மேலே வந்து முத்திரை குத்தினேன்.

"முடிஞ்சுதா அண்ணே?"

"முடிஞ்சுதும்மா. பாஸ்."

"இப்ப இந்த வண்டி ஓடுமா?"

"வீட்டுக்கா?"

"மேல. எங்கப்பா தோட்டத்துக்கு."

அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்ல வரவில்லை. "இதே டயரு, இதே ஸ்பிரிங்கு. இத வெச்சுக்கிட்டுத்தான் காட்டிலாகாக்காரங்க பத்தொம்பது வருஷம் பனியிலயும் மழையிலயும் அந்த மலையில ஏறி எறங்கியிருக்காங்க" என்றேன்.

"அப்ப ஆறு வருஷமா எங்க வீட்டுல சொன்னதெல்லாம்?"

நான் என் கைவிளக்கில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். பதிலுக்கு அவள் நிற்கவில்லை. வண்டி திரும்பும்போதுதான் கவனித்தேன், பின்னால் கூரை வரைக்கும் காலிப் பழக்கூடைகள் அடுக்கியிருந்தன.

இரண்டு நாளில் மூன்று நடை போனாள். மூன்றாவது நடை இறங்கும்போது நான் என் வீட்டு வாசலில் இருந்தேன். ரதிசாவ் கேட்டருகே நின்றிருந்தார். கூடை கூடையாகக் கருநீலப் பழம், தெருவே மணக்கிறது. அவர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகத் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

"ஐயையோ, சேறு! முழுக்கச் சேறு!"

"மலையில சேறுதான் இருக்கும்."

"பம்பர்ல கீறல் விழுந்திருக்கு ஸ்தானிகா!"

"கூடைய ஒரு கை பிடிங்க."

"சரி, அந்த ஊத்துப் பக்கத்துத் திருப்பத்துல எத்தன டிகிரி சாஞ்சுது? அதையாவது பாத்தியா?"

"பழத்தப் பாத்தேன். டிகிரியப் பாக்கல."

சனிக்கிழமை சபையில் இந்த மலையேற்றம் வேறு வடிவம் எடுத்தது. "நான் ஆறு வருஷமாப் பாத்துப் பாத்துச் செஞ்ச அஸ்திவாரம்ப்பா, சும்மாவா ஏறும்?" என்று அவர் சொல்ல, மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவர் செய்த அத்தனையும் அப்போது கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது என்பதை ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. இனப்பற்று! அஸ்திவாரம் பலமாக இருப்பதால் இன்னும் உயரமான ஸ்பிரிங் போடலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வண்டி மறுபடி ஜாக்கியில் ஏறியது.

இறங்கியது பாதிப் பழம்தான். பிந்திக் கனியும் மரங்கள் முப்பது இன்னும் மேலே நின்றன; பத்து நாளில் அதுவும் விழ ஆரம்பித்துவிடும். மிலாதினிடம் கொடுத்த வாக்கில் பாதிக்குப் பாதி என்ற பேச்சு இல்லை. "ஒரு மாசம் பொறு, இது ஒண்ணு மட்டும் முடிஞ்சுட்டா" என்று ரதிசாவ் ஆரம்பித்ததும், அவள் நேராக என் வேலிக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, இந்தப் பரிசோதனை வருஷத்துக்கு ஒரு தடவதானா?"

"ஆமாம்மா. சட்டம் அப்படி."

"சட்டப்படி அந்த டயரும் பம்பரும் மாட்டலாமா?"

"கூடாது."

"தெரிஞ்சுதானே வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டீங்க? நீங்க கண்ண மூடிக்கிட்டதுலதான் என் பழம் ஆறு வருஷம் அழுகுச்சு. ஒரே ஒரு தடவ கண்ணத் தொறங்கண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு நேரம் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேனே, அந்தச் சடங்கில் பூசாரி நான்தான். மறுநாள் காலை நிலையத்துக்குப் போய் ஒரு காகிதம் எடுத்தேன். பரிசோதனைக்குப் பின் வண்டியில் மாறுதல் செய்யப்படுவதாகத் தெரிகிறது; ஏழு நாளுக்குள் பத்திரத்தில் உள்ளபடியே கொண்டுவந்து காட்டவும். கீழே முத்திரையை அழுத்திக் குத்தினேன். எங்கள் ஊரில் பேய்க்குப் பயப்படாதவன்கூட முத்திரை விழுந்த காகிதத்துக்குப் பயப்படுவான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தது அன்றுதான்.

காகிதத்தைப் பார்த்து ரதிசாவ் வெளுத்துப் போனார். "எவனோ போட்டுக் குடுத்திருக்கான்" என்று என்னிடமே வந்து புலம்பினார். மாட்டப் பதினோரு மாதம் வேண்டியிருந்த சபை, அதுவரை மாட்டிய அத்தனையையும் மூன்றே நாளில் கழற்றிப் பழையதைப் போட்டுவிட்டது. நான்காம் நாள் ஜீப் நிலைய வாசலுக்கு வந்தது. ஓட்டி வந்தவள் ஸ்தானிகா.

"சார் வரலையா?"

"ஸ்பிரிங் பார்சலுக்குக் காத்திருக்காரு அண்ணே."

நான் குழிக்குள் இறங்கவே இல்லை. "நேராப் போம்மா, மழைக்கு முன்னாடி எறக்கிரு" என்றேன். இறக்கிவிட்டாள். மிலாதின் ராஸ்பெரிக்கு வேறு நிலம் தேடுகிறான்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் முற்றத்தில் ஜீப் இல்லைதான். ஆனால் வீட்டில் ஏதோ ஒன்று, யாருக்காகவோ வாங்கியது, இன்னும் தயாராகாமல் இருக்கிறதா? "எப்போ?" என்று உங்களை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தாரா? இப்போதும் கேட்கிறார் என்றால் பாதகமில்லை. சமீபத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார் என்றால், அவர் எந்த வேலியருகே போய் நின்று யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று எட்டிப் பார்க்காதீர்கள். பேச்சு முடிந்திருக்கும். ஒரு நாள் காலை உங்கள் பெயருக்கும் ஒரு முத்திரைக் காகிதம் வரும். வந்தால் வாதாடாமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குத்தான் ஏதாவது ஒரு பார்சல் வரவேண்டியிருக்குமே, வீட்டிலேயே இருங்கள்.