நடுத்தையலும் ஓர் அப்பாவி எலியும்

என் மைத்துனி மல்லிகா மீது பொய்ப்பழி போட்டவன் நான். அதனால் அவளும் அவளுடைய அக்காவும், அதாவது என் மனைவி தனமும், மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப் போக நீங்கள் என்மேல் பரிதாபப்பட்டுவிடுவீர்கள். அதற்கு எனக்குத் தகுதியில்லை.

அரசுப் பொறியாளராக மதகுகளும் சிறுபாலங்களும் கட்டி ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் எதுவும் இதுவரை விழவில்லை. (ஒன்றில் மட்டும் விரிசல் விட்டது. அது மண்ணின் குற்றம்.) விழுந்தது, நான் ஊசி நூலால் போட்ட ஒரே ஒரு தையல்தான்.

எங்கள் மகள் கவிதா பிரசவத்துக்கு அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்ததும் அக்காவும் தங்கையும் ஒரு போர்வை தைக்க முடிவு செய்தார்கள். இரண்டு குடும்பத்துப் பெண்களும் உடுத்தி உடுத்திப் பூவாகிப்போன நூல்புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, கையாலேயே இணைத்துத் தைக்க வேண்டும். பாதியைத் தனம் இங்கே தைத்தாள். மறுபாதியை மல்லிகா பெரம்பலூரில் தன் வீட்டில் தைத்தாள். தினமும் சாயங்காலம் இருவரும் போனில் பேசுவார்கள். பேச்சு போர்வையில் ஆரம்பித்து, ஊரில் யார் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில் முடியும்.

தையல் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகாது. தனம் பின்தையல்காரி: ஊசியை முன்னே விட்டு, பாதி தூரம் பின்னே வந்து குத்தி எடுப்பாள். கெட்டியாக இருக்கும், ஆனால் நேரம் பிடிக்கும். மல்லிகா ஓட்டுத்தையல்காரி. ஊசி மேலும் கீழுமாக ஓடும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை மட்டும் பின்னே வந்து ஒரு பிடி போட்டுக்கொள்வாள்.

"பச்சப்புள்ள மேல படுற துணிக்கா, மெத்துனு இருக்கணும். நீ சாக்கு மூட்ட தைக்கிற மாதிரி தைக்கிற" என்பாள் மல்லிகா.

"நீ தைக்கிறது கழுத்துல மாலை தங்குற வரைக்கும் தாங்கும்டி" என்பாள் தனம்.

இந்த வழக்கில் என்னை யாரும் நீதிபதியாக நியமிக்கவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன். இழுவிசை, பளு என்றெல்லாம் விளக்கி, இரண்டு பாதிகளையும் சேர்க்கும் நடுத்தையல்தான் உத்தரம் போன்றது, அதற்குப் பின்தையல் தவிர வேறு எதுவும் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னேன். தீர்ப்பு சரியானதுதான். அதுதான் இதில் கேவலம்.

கவிதாவையும் குழந்தையையும் அழைத்துப்போகச் செந்துறையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்தினம் தனம் அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்டாள். நடுத்தையல் பாக்கி. மல்லிகா மறுநாள்தான் வருவாள்.

"ஏங்க, பக்கத்து வூட்டுப் பொண்ணக் கூப்பிடவா?"

"மதகு கட்டினவனுக்கு இது ஒரு வேலையா?" என்றேன். (அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.)

மறுநாள் காலை தரையில் சம்மணமிட்டு, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். பின்தையல் அழகாக வந்தது. தனம் எட்டிப் பார்த்து, "பரவால்லையே!" என்றாள். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அது அரிய சொல். அந்த உற்சாகத்தில் தலைநிமிராமல் கடைசி வரை தைத்து முடிச்சுப் போட்டேன். வாசலில் கார் ஹாரன் கேட்டது. சம்பந்திகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். எழுந்தேன்.

போர்வையும் என்னோடு எழுந்தது.

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அதை என் வேட்டியோடு சேர்த்துத் தைத்திருந்தேன். அதுவும் பின்தையலில். அசைக்க முடியவில்லை. இடுப்பிலிருந்து இரண்டு குடும்பத்துப் புடவைகளும் வண்ணவண்ணமாகத் தொங்க, கோயில் யானை மாதிரி அறைக்குள் நின்றேன்.

"எங்க போனீங்க? அவங்க வந்துட்டாங்க!" வெளியிலிருந்து தனத்தின் குரல்.

பிளேடை எடுத்தேன். பிரித்த அவசரத்தில் வேட்டியின் பச்சைக்கரை ஒரு கை நீளத்துக்குக் கிழிந்து தனியே வந்தது. அதைப் போர்வையின் இரண்டு அடுக்குக்கும் நடுவே திணித்தேன். பிறகு நடுத்தையலை மறுபடி போட்டேன். என்ன தையல்? ஓட்டுத்தையல். அதுவும் மல்லிகாவினுடையது போலப் பிடி போட்டது அல்ல. ஒவ்வொரு தையலும் விரல் நீளம். வேறு வேட்டி கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வந்தேன்.

மல்லிகாவும் வந்து சேர்ந்திருந்தாள். சீர் பொருட்களைக் கூடத்தில் வைத்தோம். எல்லோரும் பார்க்கட்டும் என்று சம்பந்தியம்மா போர்வையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், கவிதா மறுபக்கத்தைப் பிடித்தாள். விரித்து ஒரு உதறு உதறினார்கள். சர்ரென்று ஒரு சத்தம். ஆளுக்கொரு பாதியோடு இருவரும் நின்றார்கள்.

செந்துறைக்காரர் ஒருவர், "புள்ளைக்கு இன்னும் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள சொத்தப் பாகம் பிரிச்சிட்டீங்களே!" என்றார். கூடமே சிரித்தது. தனம் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே சேத்துத் தச்சீங்க?"

பாதியிலிருந்து பச்சைக்கரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று இரண்டையும் வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, பொறியாளர் குரலில் சொன்னேன்: "என் தையல் அப்படியே இருக்கு. அதை ஒட்டி இருக்கிற மல்லிகா வரிசைதான் விட்டிருக்கு."

"நான் பிடி போட்டுத்தான் தச்சேன், அத்தான்" என்றாள் மல்லிகா.

"எத்தன தடவ சொன்னேன், கேட்டியாடி? சம்பந்தி முன்னால என் மானமே போச்சு" என்றாள் தனம். காலையில் என் பின்தையலைக் கண்ணால் பார்த்தவள் அவள், என்னை நம்பினாள். மல்லிகா சாப்பிடாமல் பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டாள். சுருட்டிய போர்வை பரணுக்குப் போயிற்று.

சாயங்காலப் போன் நின்றது. நான் எதிர்பார்த்தது இரண்டு நாள் ஊடல். அது மாதங்களாக நீண்டது. தனத்துக்குக் காய்ச்சல் வந்தபோது போனைக் கையில் எடுத்து, பார்த்து, கீழே வைத்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்தேன்.

கரை கிழிந்த வேட்டி ஒருநாள் அவள் கையில் சிக்கியது. "எலி கடிச்சிருக்கு" என்று பொறி வாங்கி, தேங்காய்ச் சில்லு வைத்தாள். தினமும் தேங்காய் அப்படியே இருந்தது. "கெட்டிக்கார எலி" என்றாள். "ஆமாம்" என்றேன்.

பேத்திக்குச் சிறுவாச்சூரில் காதுகுத்து என்று முடிவானது. மல்லிகா வரமாட்டேன் என்றுவிட்டாள். கவிதா என்னிடம் போனில் அழுதாள்: "சித்தி இல்லாம எனக்குக் காதுகுத்தே வேணாம்பா." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தனத்திடம் சாக்குச் சொல்லிவிட்டு, போர்வையைப் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன்.

மல்லிகா காபி கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைக்கரையையும் உருவிக் காட்டினேன். அவள் முகம் மாறவேயில்லை.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? அக்காகிட்ட சொல்லுங்க." தானே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து நீட்டினாள்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் தனம் கேட்டாள்: "அப்ப எலி?"

"எந்த எலிக்கா?" என்றாள் மல்லிகா.

"அத ஏன்டி கேக்குற..." என்று ஆரம்பித்தாள் தனம்.

அவ்வளவுதான். எலியில் ஆரம்பித்து, காய்ச்சல், கவிதா, யார் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று அத்தனை மாதப் பேச்சும் அணை திறந்தாற்போல் பாய்ந்தது. இருவரும் சிரித்துச் சிரித்து அழுதார்கள். நடுநடுவே நிஜமாகவும் அழுதார்கள். அது என்னால் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவன் ஒருவன் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். காபி டம்ளரை நானே கழுவி வைத்தேன்.

பேச்சு முடிந்ததும் தண்டனை வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து நடுத்தையலைப் பின்தையலில் போட வேண்டும். தையலின் மேல் அந்தப் பச்சைக்கரையை, ஊருக்கே தெரிகிற மாதிரி, வைத்துத் தைக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் முடிச்சுப் போட்டு, "முடிச்சிட்டேன் மல்லிகா" என்றேன்.

"எங்க, எந்திரிச்சுக் காட்டுங்க அத்தான்."

எழுந்து காட்டினேன். போர்வை தரையிலேயே கிடந்தது.

சிறுவாச்சூரில் மல்லிகாதான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பச்சைக்கரையைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நான் கரண்ட் பில் கட்டிவிட்டேன், கேஸ் சிலிண்டர் பதிந்துவிட்டேன் என்று எதைச் சொன்னாலும் வீட்டில் யாரும் நம்புவதில்லை. முந்தாநாள் பேத்தியின் வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்து, "கணக்கு முடிஞ்சிடுச்சு கண்ணு" என்றேன்.

நோட்டைப் பார்க்காமல் என் மடியையே பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்: "எந்திரிச்சுக் காட்டுங்க தாத்தா."