கால் நம்பர்

என் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி எனக்கு வருபவை அல்ல. புத்தகங்களுக்கு வருபவை. நம்பரை மாற்று என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மாற்றவில்லை. தப்பு செய்தவன் நான்தான். தவிர, அந்த நம்பரை இருநூறு தடவைக்கு மேல் என் கையால் எழுதியிருக்கிறேன். பத்தாவதில் எதையாவது இருநூறு தடவை எழுதியிருந்தால் முதல் தடவையிலேயே பாஸாகியிருப்பேன்.

2012ஆம் வருடம். விழுப்புரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி. பேர் வேண்டாம். அங்கே நான் கேட் வாட்ச்மேன். ஊர் ஒலக்கூர் பக்கம். தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன்.

கேட்டில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் வாட்ச்மேன் தூங்கிவிடுவான் என்பது தாளாளரின் கருத்து. (நின்றுகொண்டும் தூங்கலாம். அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.) ஒன்பது வருடம் நின்றேன். வலது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. கெண்டைக்காலில் பச்சைப்பாம்பு சுற்றிய மாதிரி இருக்கும். திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டினேன்.

"நிக்கிறத நிறுத்துங்க" என்றார்.

"நிறுத்தினா சம்பளம் நின்னுடும் சார்."

"அப்ப உக்கார்ற வேலையா பாருங்க. இப்படியே போனா புண்ணு வரும். வந்தா சீக்கிரத்துல ஆறாது."

அந்த மாதமே கல்லூரி நூலகத்தில் இருந்த கிளார்க் கல்யாணமாகிப் போய்விட்டாள். வெளியாளைப் போட்டால் அதிகச் சம்பளம் கேட்பான் என்று நினைத்தார்களோ என்னவோ, நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். பத்தாவது படித்த ஊழியர்கள் யாராவது நூலக கிளார்க் பயிற்சியை ஆன்லைனில் முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால், ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள்.

நான் நூலகத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். புத்தகங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தேன். கை வைத்த நாற்காலி. மெத்தைகூட இருந்தது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அஞ்சலை கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காந்துக்கினே சம்பளமா?"

"ஆமா."

"அப்ப அதுல எதுனா வில்லங்கம் இருக்கும்" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அதுவே போதுமாயிருந்தது.

திண்டிவனத்தில் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு பிரவுசிங் சென்டர். நடத்தியவர் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். எல்லோருக்கும் பாய். எனக்கு மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். முதல் நாள் அதைத் தூக்கித் திரைமேல் வைத்தேன். பாய் என் கையைப் பிடித்து மேஜைமேல் இறக்கி வைத்தார்.

கரண்ட் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாத வருடம் அது. பாய் தினமும் போன் செய்வார். "ஏழுமல, ஜல்தி வா. இப்ப இருக்குது. அப்புறம் பேஜாராயிடும்."

பயிற்சி பன்னிரண்டு பாடம். டை கட்டிய ஒருவர் திரையில் இங்கிலீஷில் பேசுவார். ஹெட்போனில் ஒரு காது மட்டும்தான் கேட்கும். கேட்கிற காதை பாய் வைத்துக்கொண்டார். கேட்காத காதை நான் வைத்துக்கொண்டேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இன்னா சொல்றாரு பாய்?"

"புக்க பத்திரமா வச்சிக்க சொல்றாரு."

"அர மணி நேரமா அதையேவா?"

"படிச்சவங்க அப்படித்தாம்பா. நீ கம்முனு பாரு."

ஐந்தாவது பாடம். அன்றைக்குத்தான் என் தலையெழுத்து எழுதப்பட்டது. திரையில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு வந்தது. பாய் எழுத்துக்கூட்டிப் படித்தார். "கால் நம்பர்." ஒரு புத்தகத்தைச் சாய்த்துக் காட்டினார்கள். அதன் முதுகில் வெள்ளை லேபிள். லேபிளில் ஏதோ எண், நடுவில் புள்ளி, கீழே மூன்று எழுத்து. டை கட்டியவர் வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது.

திரும்பி வந்தபோது ஐந்தாவது பாடத்துக்கு நேரே பச்சை டிக் விழுந்திருந்தது. மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்றேன். பாய் வேண்டாம் என்றார்.

"இதுல இன்னாப்பா இருக்குது. கால் நம்பர்னா கால் பண்ற நம்பர். நாங்க துபாய்லருந்து வர்றப்ப அட்டப்பொட்டி மேல போன் நம்பரும் பேரும் எழுதிக்கினுதான் ஏத்துவோம். ஏர்போர்ட்ல காணாப் போனாலும் கால் பண்ணி குடுத்துடுவான். புக்கும் அப்படித்தான். வெளிய போற பொருளு."

"கீழ மூணு எழுத்து?"

"அது ஆளு பேரு. சுருக்கமா."

"நடுவுல புள்ளி?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "எஸ்டிடி கோடு" என்றார்.

எல்லாம் பொருந்தியது. இன்றைக்கு யோசித்தாலும் பொருந்துகிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைசியில் பரீட்சை. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வார்கள். கால் நம்பரை நூலின் எந்தப் பகுதியில் ஒட்ட வேண்டும் என்று ஒரு கேள்வி. முதுகு என்று தொட்டேன். சரி. பாஸாகிவிட்டேன். பாய் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அஞ்சலை அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். (கல்லூரிக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, "அங்க வந்து பாக்கச் சொல்லு" என்றாள். பிறகு கழற்றிக் கொடுத்தாள்.)

திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தேன். நூலகர் மேடம் நல்லவர். என்னைவிடச் சின்னவர். வாங்க போங்க என்றுதான் பேசுவார். புதிதாக வந்த புத்தகங்கள் தரையில் அடுக்கியிருந்தன. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருவதாக இருந்தது.

"ஏழுமலை, எனக்கு ரெண்டு நாள் லீவு. அக்கா வீட்டு விசேஷம். இதுக்கெல்லாம் கால் நம்பர் எழுதி ஒட்டிடறீங்களா? லிஸ்ட்டு கம்ப்யூட்டர்ல இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் மேடம். அஞ்சாவது பாடம்."

லிஸ்ட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. என் போன் நம்பர் எனக்குத் தெரியாதா?

உண்மையில் யாருடைய நம்பரை எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தாளாளர் நம்பரை எழுதினால் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள், அவர் என்னைக் கூப்பிடுவார். மேடம் நம்பரைத்தான் எழுத வேண்டும், முறைப்படி. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் போன் நம்பரை ஊரில் இருக்கிற பையன்கள் கையில் கொடுக்கலாமா? ஒரு பொறுப்பான ஆள் என்ன செய்வான்? தன் நம்பரைப் போடுவான். போட்டேன்.

லேபிள் சின்னது. பத்து எண்ணையும் இரண்டு வரியாக உடைத்தேன். ஒரு புள்ளியும் வைத்தேன். படத்தில் இருந்ததே. கீழே என் பெயரில் முதல் மூன்று எழுத்து: ஏழும. கோந்து தடவி ஒட்டி, மேலே கண்ணாடி டேப் போட்டு, நகத்தால் தேய்த்தேன். நான் ஒட்டினால் உரிந்து வராது. இரண்டு நாளும் உட்கார்ந்தே செய்தேன். மாலையில் காலைப் பார்த்தேன். வீக்கம் குறைந்திருந்தது.

மேடம் ஒரு நாள் தள்ளி, வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஆய்வுக் குழுவும் வந்துவிட்டது. மூன்று பேர். கூடவே தாளாளர். நான் எழுந்து நின்றேன்.

குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர் அலமாரியில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். நின்றார். அடுத்த அலமாரிக்குப் போனார். திரும்பி வந்தார்.

"பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, அக்கவுன்டன்சி, எல்லாம் ஒரே ஆள் எழுதினதா? யாருங்க இந்த ஏழும?"

அவர் ஒரு புத்தகத்தை உருவி, முதுகில் இருந்த எண்களை விரல் வைத்து எண்ணினார். பத்து. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

என் பையில் அம்மன் பாட்டு ஒலித்தது.

இப்போது இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் போனை அணைத்திருப்பார்கள். நான் பயிற்சி பெற்றவன். எடுத்துக் காதில் வைத்தேன்.

"அலோ."

"நான் ஒரு பிசிக்ஸ் புக்குலருந்து பேசறேன்" என்றார் அவர், ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு.

"சொல்லுங்க சார்" என்றேன். "புக்கு எங்க கிடைச்சுது?"

அவர் சிரிக்கவில்லை. "இங்கதாம்பா. ரேக்குல" என்றார். மற்ற இருவரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கின. மேடம் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுக்கவில்லை. தாளாளர் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஏழுமலை, கேட்டுக்குப் போ" என்றார்.

ஒரு நிமிடம் அது சும்மா சொன்ன மாதிரிதான் இருந்தது. யாராவது வந்திருப்பார்கள், கேட்டைத் திறக்கச் சொல்கிறார் என்று நினைத்துப் போனேன். யாரும் வரவில்லை. அன்றிலிருந்து அங்கேதான் நின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மேடம் கேட்டில் நின்று சொன்னார். "கால் நம்பர்னா புக்கு உக்கார்ற இடம் ஏழுமலை. எந்த அலமாரி, எந்தத் தட்டுன்னு. கீழ இருக்கிற மூணு எழுத்து அத எழுதினவர் பேரு."

"சரிங்க மேடம்" என்றேன். புத்தகத்துக்குக்கூட உட்காருகிற இடத்தை முதுகில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

லேபிள்களை உரித்துப் பார்த்தார்கள். அட்டைதான் கிழிந்தது. அதனால் சரியான எண்ணை மேலே ஒட்டிவிட்டு என்னுடையதை அப்படியே விட்டார்கள். அப்புறம்தான் போன்கள் வர ஆரம்பித்தன. ரின்யூ செய்யலாமா என்று கேட்பார்கள். பையன்கள் இரண்டு பேர் பந்தயம் கட்டிக் கூப்பிடுவார்கள். ஒருநாள் மண்டகப்பட்டிலிருந்து ஒரு பெரியவர். "தம்பி, பஸ்சுல ஒரு புக்கு கெடந்துது. பின்னால ஒன் நம்பரு." போய் வாங்கி வந்தேன். அப்படி நான்கு புத்தகங்கள் திரும்பி வந்தன. நான்கையும் கேட்டில் வைத்து மேடத்திடம் கொடுத்தேன். தாளாளருக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. நூலக நாற்காலியில் அதற்குள் புது கிளார்க்காக ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

டாக்டர் சொன்ன புண் மூன்றாம் வருடம் வந்தது. ஆறவில்லை. நிற்க முடியாமல் போனதும் வேலையை விட்டேன். பாய் வந்து பார்த்தார். காலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "எஸ்டிடி கோடுன்னு நான்தாம்பா சொன்னேன்" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

போன வருடம் ஒரு போன்.

"அண்ணே, கோலியனூர்லருந்து பேசறேன். பழைய பேப்பர் கட. காலேஜ்லருந்து ஒரு மூட்ட புக்கு வந்துருக்குது. எல்லாத்துலயும் ஒங்க நம்பர், ஒங்க பேரு. அத்தினியும் நீங்க எழுதினதா?"

"ஆமா" என்றேன்.

அவர் மரியாதையாக நான்கு தடிப் புத்தகங்களை எடுத்து வைத்திருந்தார். அஞ்சலை போய் வாங்கி வந்தாள். கட்டிலில் கால் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் செங்கல்லை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் இரண்டு என்று புத்தகங்களை வைத்தாள்.

"புக்க மிதிக்கிற மாதிரி ஆவாதா?" என்றேன்.

"கட்டிலுதான மிதிக்குது. அதுவும் கால் நம்பர் போட்ட புக்கு. காலுக்கு ஆவாம வேற எதுக்கு ஆவும்?"

இதை வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்கிறாள். காலைப் பார்க்க வருகிறவர்கள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்க்கிறார்கள். நம்பரைப் படித்துப் போன் போடுகிறார்கள். தலையணைக்குப் பக்கத்தில் என் போன் அடிக்கிறது. நான் எடுத்து, "புக்கு எங்க கிடைச்சுது?" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் சிரிப்பார்கள்.

கேட்கிறேன்.