தன் பாட்டைத் தானே வாங்கியவன்

கடையில் இருந்த தன் பாட்டின் இருபத்தைந்து இசைத்தட்டுகளையும் நெவில் ஒரேயடியாகக் கேட்டபோது, கடைக்காரி ஹில்டா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். உறையில் அச்சாகியிருந்த முகமும் எதிரே நின்ற முகமும் ஒன்றுதான். எதிரே நின்றது தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

"உன் பாட்ட நீயே வாங்குறியா கண்ணு?"

"சொந்தக்காரங்களுக்குக் குடுக்கணும்."

"இந்தக் கிரிம்ஸ்பி ஊருல உனக்கு இருபத்தஞ்சு சொந்தக்காரங்களா? உங்கம்மா செத்தப்போ ஆறு பேர்தானே வந்தாங்க?"

நெவில் காசை வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

பொய் சொல்வதில் அவன் என்றைக்குமே கெட்டிக்காரனில்லை. ஆனால் அன்றைக்கு அவன் நெஞ்சில் இருந்த பாரத்துக்கு வேறு வழி தெரியவில்லை. லினெட் வேலை பார்க்கும் சிகையலங்காரக் கடை அதே தெருவில், நாலு கடை தள்ளித்தான் இருந்தது. அந்தத் தெருவிலாவது அந்தப் பாட்டு விற்கக் கூடாது.

லினெட்டும் அவனும் சலவைக் கடை மாடியில் இரண்டு அறைகளில் மூன்று வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தினார்கள். அந்த மூன்று வருஷத்தில், "நான் உனக்கு யாரு நெவில்?" என்று அவள் இருபது தடவையாவது கேட்டிருப்பாள். கேட்கிற போதெல்லாம் அவன் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைப்பான். எண்பத்தொன்றாம் வருஷம் ஜனவரியில், இருபத்தோராம் தடவை கேட்டு, அதற்கும் டீதான் வந்தபோது, அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே அவன் பாட்டை எழுதினான். வாயில் மூன்று வருஷம் வராதது கிட்டாரில் மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டது. குளிரில் ஐஸ்கட்டியாகிவிடும் அவள் கால்கள், கடற்பறவைகளோடு அவள் போடும் சண்டை, குவளையில் இன்னும் நிற்கும் அவள் பல் துலக்கும் பிரஷ் என்று எல்லாம் அதில் இருந்தன. அவள் பெயரும் இருந்தது, ஒன்பது தடவை. லண்டனில் ஒரு சின்னக் கம்பெனி அதை ஒற்றைப் பாட்டுத் தட்டாகப் போட்டது. யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் அவன் நினைத்தான்.

ஆனால் உள்ளூர் வானொலியில் அது ஒலித்துவிட்டது. லினெட்டிடம் முடி வெட்டிக்கொள்ளும் ஒரு அம்மாள் பஸ்ஸில் அவனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். பாட்டு வந்ததும் லினெட் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய் அழுதாளாம். வாடிக்கைக்காரர்கள் இப்போதெல்லாம் அவளிடம், "காலு எப்படிம்மா இருக்கு, சூடாச்சா?" என்று விசாரிக்கிறார்களாம். அந்த அம்மாளுக்கும் பாதி முடி வெட்டியபடியே நின்றுவிட்டதில் வருத்தம். ஒரு நல்ல பெண்ணை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே என்று நெவில் அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டான். நேரே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கு வாய் வேண்டுமே.

அதனால்தான் இந்த இருபத்தைந்து. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தான். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனால், ஹில்டாவின் கடை ஜன்னலில் ஐம்பது தட்டுகள் அடுக்கியிருந்தன. இப்படிப் பறக்கிற பாட்டை நான் பார்த்ததே இல்லை, அதனால் இரட்டிப்பாக வரவழைத்தேன் என்றாள் ஹில்டா. அந்த ஐம்பதையும் அவன் வாங்கினான். இந்தத் தடவை அவள் சொந்தக்காரர்களைப் பற்றி விசாரிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து மோரிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். நெவிலின் பாட்டுக் காரியங்களைக் கவனிப்பவர் அவர்தான். அவன் பாட்டு நாட்டின் விற்பனைப் பட்டியலில் முப்பத்தெட்டாவது இடத்துக்கு வந்துவிட்டது என்றார்.

"அது எப்படி? யாருமே வாங்கலையே."

"ராசா, வாராவாரம் பட்டியல் போடுறதுக்கு எல்லாக் கடையையுமா கேக்குறாங்க? ஊருக்கு ஒரு கடை. அதுல என்ன வித்துச்சுன்னு நோட்டுல எழுதி அனுப்புவாங்க, அதப் பல மடங்கு பெருக்கித்தான் பட்டியல். எந்தக் கடைன்னு பரம ரகசியம். உங்க கடலோரம் பூராவுக்கும் ஒரே கடை, அந்த ஹில்டா கடை."

நெவில் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அங்க எவனோ ஒரு பைத்தியக்காரன் மொத்தமா அள்ளிட்டுப் போயிருக்கான். யாரா இருந்தா என்ன, மகராசன் நல்லா இருக்கணும்" என்றார் மோரிஸ்.

முப்பத்தெட்டு என்றால் தேசம் முழுக்க ஒலிக்கும். நெவில் பதறிப்போய் உள்ளூர் வானொலி அறிவிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினான். தயவுசெய்து இந்தப் பாட்டைப் போடாதீர்கள், ஒருவர் மனம் புண்படுகிறது என்று கெஞ்சியிருந்தான். பதினைந்து வருஷமாகக் காலை நிகழ்ச்சியில் மீன் விலையும் மழையும் சொல்லி அலுத்துப்போயிருந்த அந்த மனிதர், இப்படி ஒரு கடிதம் கிடைத்தால் விடுவாரா? அதை அப்படியே வாசித்து, பாட்டைப் போடலாமா வேண்டாமா என்று நேயர்களையே கேட்டுவிட்டார். அன்று முழுக்க ஊரே தொலைபேசியில் இருந்தது. பாட்டு ஒரே நாளில் ஏழு தடவை ஒலித்தது. அடுத்த வாரம் அது பத்தொன்பதாம் இடத்துக்கு ஏறியது.

அதற்கப்புறம் வியாழக்கிழமை காலை வானொலியில் பேச வரும்படி அவனையே அழைத்தார்கள். முதலில் மாட்டேன் என்றவனுக்கு, குளிக்கும்போது ஒரு யோசனை வந்தது. தான் செய்த பாவத்தைத் தானே கழுவிவிடலாம் என்று தோன்றியது. போனான்.

"யாருங்க அந்த லினெட்? ஊரே தெரிஞ்சுக்கத் துடிக்குது" என்றார் அறிவிப்பாளர்.

"அப்படி ஒருத்தி கிடையாதுங்க."

"பேரு இருக்கே?"

"மெட்டுக்குப் பொருந்துச்சு, வச்சேன்."

"அந்தப் பல் துலக்குற பிரஷ்ஷு?"

"கற்பனைதான். என் வாழ்க்கையில அப்படி யாரும் இருந்ததே இல்ல." ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கேட்கிற மாதிரி அழுத்திச் சொன்னான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொய் திக்காமல் வந்தது. அவளுக்காக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று வீடு திரும்பும் வழியில் அவனுக்குக் கண் கலங்கியது. இனி யாரும் அவள் காலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில், எங்கிருந்தோ ஒரு தைரியமும் வந்தது. ஒரு கொத்துப் பூவை வாங்கிக்கொண்டு கிளீதார்ப்ஸுக்கு பஸ் ஏறினான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே போனான். முதலில் மன்னிப்பு. அப்புறம், அவள் கதவைச் சாத்தாவிட்டால், அந்த இருபத்தொரு தடவை கேட்ட கேள்விக்குப் பதில். நீதான் எனக்கு எல்லாம் என்கிற பதில். அதைச் சொல்லும்போது பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

லினெட்டின் அக்கா வெண்டிதான் கதவைத் திறந்தாள். தலையில் முடி சுருட்டும் உருளைகளை மாட்டியிருந்தாள். பூவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை.

"லினெட்டப் பாக்கணும். அவள ஊரு சிரிக்க வச்சுட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுறேன்."

"அவ இல்ல. லிங்கன் டவுனுக்குப் போயிருக்கா, மோதிரம் வாங்க."

"என்ன மோதிரம்?"

வெண்டி கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள்.

"அவ ரொம்பக் கோவமா இருக்காளா?" என்று கேட்டான் நெவில்.

"கோவமா? பாட்டக் கேட்ட அன்னிக்கே பெட்டியக் கட்டி இந்த வாசல்ல வச்சுட்டு, நீ வந்து கூப்பிடுவேன்னு மூணு வாரமா உக்காந்திருந்தா நெவில். வியாழக்கிழமை நீ ரேடியோவுல அப்படி ஒருத்தியே இல்லன்ன, வெள்ளிக்கிழமை, கட்டிக்கிறியான்னு கேட்டுட்டே இருந்த எதுத்த வீட்டு டெரிக்குக்குச் சரின்னுட்டா."