திரும்பி வராத பித்தளைத் தட்டு

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் ஒரு மூடித் தேங்காயாவது திரும்பி வர வேண்டும். திருத்தணியில் பிறந்த எனக்கு இதற்கு மேல் ஆன்மிகம் தெரியாது. தெரிந்த இந்தக் கொஞ்சமே என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது.

நானும் எஸ்தரும் ஒரே ஆபீஸ். கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவள் அப்பா சரி என்றுவிட்டார். அவள் அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. கடைசியில், "அந்தப் புள்ளைய ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வரச் சொல்லு. பாத்துட்டு சொல்றேன்" என்றாராம்.

ஆர்.கே.பேட்டை சாலையில் சின்ன ஓட்டுக் கட்டடம். அன்று அறுப்பின் பண்டிகை. அங்கே என்ன நடக்கும் என்று எஸ்தர் சொல்லவில்லை. (சொன்னேன் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.) "சாமிகிட்ட வெறுங்கையோட போவக் கூடாதுடா" என்று என் அம்மா பித்தளைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். ஊதுபத்தியை மட்டும் நான் எடுத்துவிட்டேன். (அவ்வளவு நாகரிகம்.)

போய்ப் பார்த்தால் பூசணி, கரும்பு, நெல், காலைக் கட்டிய கோழி என்று எல்லோரும் கொண்டுபோய் பீடத்தின் முன் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாடா, நமக்குத் தெரிந்த விஷயம்தான் என்று நானும் தட்டை வைத்தேன். போதகர் ஜெபித்தார், ஆசீர்வாதம் சொன்னார். எல்லாம் முடிந்தும் தட்டு வரவில்லை. தட்டில்லாமல் போனால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். எழுந்து போய் எடுத்தேன். பெண்கள் பக்கமிருந்து எஸ்தர் இரண்டு கைகளையும் ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போதகரிடம் பணிவாகவே கேட்டேன். "ஐயா, தேங்கா இன்னும் ஒடைக்கலையே. ஒடைச்சு ஒரு மூடி குடுத்தீங்கன்னா வாங்கிகினு போயிடுவேன்."

அவர் கையில் மைக் இருந்தது.

சபையே சிரித்தது. ஏலம் விட நின்றிருந்த எஸ்தரின் அப்பா மெல்ல என் காதருகே வந்து, "தம்பி, இங்க வெச்சத யாரும் திருப்பி எடுக்கறதில்ல. ஏலம் வுட்டு, வர்ற காச இல்லாதவங்களுக்குக் குடுத்துடுவோம். வேணும்னா நீங்களும் கேளுங்க" என்றார்.

முதலில் என் கையிலிருந்த தட்டைத்தான் ஏலத்துக்கு எடுத்தார். மானத்தை மீட்கிற வேகத்தில் கேட்டேன். ஒரு பெண் குரல் கூட்டிக் கேட்டது. நான் ஏற்ற, அதுவும் ஏற்றியது. திரும்பிப் பார்த்தால் எஸ்தரின் அம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை. பஸ் காசு மட்டும் மிஞ்சியபோது அடங்கிவிட்டேன். தட்டும் போச்சு, பெண்ணும் போச்சு என்று வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றேன். எதிரே மலைமேல் முருகன் கோயில் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா உடைத்த தேங்காயோடு வந்தார். ஒரு மூடியை என் கையில் வைத்தார்.

"உங்க வழக்கத்துல பாதி திரும்பி வரணும், இல்லீங்களா? வேற யாராவது எடுத்துகினு போயிட்டா என்னா பண்ணுவீங்க? அதான் வுடல."

மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இன்னொரு மூடி எங்க வூட்டுக்கு. தட்டு என்கிட்டயே இருக்கட்டும். உங்க அம்மாவ வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. அப்டியே கல்யாணத்தப் பத்திப் பேசிடலாம்."

கல்யாணமாகிப் பல வருஷமாகிவிட்டது. தட்டு இன்னும் மாமியார் வீட்டில்தான் இருக்கிறது. மாதம் தவறாமல் அம்மா அதைக் கேட்கப் போகிறாள். சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, சாயங்காலம் வெறுங்கையோடு கிளம்புவாள்.

"தட்ட அடுத்த வாட்டி தரேன் சம்பந்தி" என்பார் மாமியார். அம்மாவும் தலையாட்டிவிட்டு, அவர் நீட்டுகிற ஒரு மூடித் தேங்காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவாள்.