'பி' பிரிவுக்குப் பாடம் கிடையாது

தமிழ் கற்க ஆசிரியர் தேவையில்லை என்பதை உலகுக்கு முதன்முதலில் நிறுவிக் காட்டிய ஊர் திருச்சிராப்பள்ளி. நிறுவியவர் என் ஆய்வு மாணவர் கலையரசன். நெறியாளர், தன்னடக்கம் தடுத்தாலும் சொல்கிறேன், நான்.

ஆய்வுத் தலைப்பை ஒரே மூச்சில் வாசித்தவர் இதுவரை இல்லை. விஷயம் இதுதான்: மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளி. நான்காம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். 'ஏ' பிரிவு டேப்லெட்டில் செயலி வழியாகத் தமிழ் படிக்கும். அது 'சோதனைக் குழு'. 'பி' பிரிவுக்குப் பிரேமலதா டீச்சர் வழக்கம்போலக் கரும்பலகையில் நடத்துவார். அது 'கட்டுப்பாட்டுக் குழு'. எந்தக் குழு நன்றாக வாசிக்கிறது என்று கடைசியில் பார்க்க வேண்டும். முடிவை முன்னுரையிலேயே எழுதிவிட்டோம்.

முதல் தேர்விலேயே அறிவியலுக்கு ஆபத்து வந்தது. சிக்னல் கிடைக்காமல் 'ஏ' பிரிவு திரையில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க, 'பி' பிரிவோ பஸ்ஸின் பெயர்ப்பலகை வரை வாசித்துத் தள்ளியது. கலையரசன் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"சார், அந்த டீச்சர் ரொம்ப நல்லா நடத்துறாங்க சார். என் பிஎச்.டி. போயிடும்."

நான் பதறவில்லை. நோய் புரிந்துவிட்டது: தரவில் ஆசிரியர் கலந்திருந்தார். தலைமையாசிரியருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினோம். மறுநாளிலிருந்து, ஆய்வு முடியும்வரை, 'பி' பிரிவுக்குத் தமிழ்ப் பாடம் நிறுத்தப்பட்டது.

"புள்ளைங்க சும்மா உக்காந்திருக்குதுங்களே சார்?" என்றார் பிரேமலதா டீச்சர்.

"அதுதாம்மா கட்டுப்பாடு" என்றேன்.

ஆண்டு இறுதியில் 'ஏ' பிரிவு எப்படியோ நாலு சொல் வாசித்தது. 'பி' பிரிவு தெரிந்ததையும் மறந்திருந்தது. செயலியின் வெற்றி புள்ளியியல்படி உறுதியானது.

அடுத்து, திருச்சியில் பிஎச்.டி. பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. அழைப்பிதழில் 'பொது' என்று போடுவது மரபு. பொதுமக்கள் வராமலிருப்பதும் மரபு. வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர், "ஸ்ரீரங்கத்துல நடை எப்ப சாத்துவாங்க?" என்று முதல் கேள்வியைத் தொடுத்தார். கலையரசன் தயங்காமல் பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு அவசியம் எழவில்லை.

அப்போது கடைசி வரிசையில், மரபு தெரியாத ஓர் அம்மாள் எழுந்தார். பெயர் இருசம்மாள். மகள் ஜோதியைக் கூட்டிக்கொண்டு மருங்காபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

"ஐயா, எம் பொண்ணு 'பி' பிரிவு. நல்லா படிச்சிட்டு இருந்துச்சு. ஆராய்ச்சிக்காக நிறுத்தியிருக்குன்னாங்க. இப்பதான் முடிஞ்சிடுச்சே. இனிமேலாவது நடத்துவாங்களா?"

அரங்கம் நெளிந்தது. புறத்தேர்வாளர் மட்டும் ஜோதியை அருகே அழைத்து, மேடையில் கட்டியிருந்த பேனரைக் காட்டி, "வாசி கண்ணு" என்றார். ஜோதி பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா" என்றார் புறத்தேர்வாளர், குரல் தழுதழுக்க. "கட்டுப்பாட்டுக் குழுவை இவ்வளவு சுத்தமா வச்சிருந்த ஆய்வை நான் பாத்ததே இல்ல."

கைதட்டல். கலையரசன் முனைவரானார். நடை சாத்துவதற்குள் எல்லோரும் காரில் ஏறினோம்.

இருசம்மாளின் கேள்வியை நான் மறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 'பி' பிரிவை இப்போதைக்கு அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஏனெனில், என் அடுத்த மாணவி சுபஸ்ரீ ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டார். தலைப்பு: 'மருங்காபுரிப் பிள்ளைகளுக்கு ஏன் வாசிக்க வரவில்லை?'

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டு ஆகுமாம். நெறியாளர் நான்தான்.