தாள் இல்லை என்பதற்கு ஆதாரம்

"நீரியல் ஆசிரியர் வேலைக்குத் தேர்வு வச்சீங்கல்ல, அதோட மதிப்பெண் தாள் வேணும். நடுவர்கள் கையெழுத்துப் போட்ட தாள்."

ஓடாலிஸ் சொல்லி முடித்ததும் பல்கலைக்கழகத் தகவல் பிரிவுச் சன்னலுக்கு அந்தப் பக்கம் எழுத்தர் ஸொராய்தா விசிறுவதை நிறுத்தினாள். சாந்தா லூசேரா நகரத்து மதியத்தில் யாரும் விசிறுவதை நிறுத்த மாட்டார்கள்.

"ராஜாத்தி, நேத்தே சொன்னேன்ல? துணைவேந்தர் பறந்த விமானச் சீட்டைக் கேளு. கக்கூஸ் காகிதம் வாங்கின ரசீதைக் கேளு. தகவல் சட்டம் இருக்கு, கொடுத்துடுவோம். அதை மட்டும் கேட்காதே."

"ஏன்?"

"கேட்டா கிடைக்காது. அதைவிட மோசமா ஒண்ணு கிடைக்கும்."

"எழுதிக்குங்க," என்றாள் ஓடாலிஸ்.

அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அம்மா ஆற்று இறால் விற்று இஞ்சினியருக்குப் படிக்கவைத்தாள். மகள் பேராசிரியை ஆகப் போகிறாள் என்று மீன் சந்தை முழுவதும் சொல்லியும் வைத்தாள். வேலை போனதோ புலத் தலைவரின் மருமகனுக்கு. வெள்ளம் வந்தால் மொட்டை மாடியில் நின்று படம் பிடிப்பதுதான் அவனுக்கும் நீரியலுக்கும் உள்ள உறவு. "நீங்க ரெண்டாவது" என்று ஓடாலிஸிடம் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதில் வந்தது. ஒரே தாள். பெயர், மதிப்பெண், தேதி எல்லாம் தனிநபர் விவரமாம். கறுப்பு மை பூசியிருந்தார்கள். தப்பித்தது பல்கலைக்கழக முத்திரை மட்டும். ஓடாலிஸ் வாய் பிளந்து பார்த்தாள். ஓரம் பிசகவில்லை, ஒரு சொட்டு வழியவில்லை. இவ்வளவு அக்கறையோடு இவர்கள் ஒரு கட்டடத்தைக்கூடக் கட்டியதில்லை.

வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஒரே ஒரு வரியில் மை வெளுத்திருந்தது. முதல் வரி. அதில் அவள் பெயர்.

"உங்க மை சரியில்ல," என்று மறுநாள் சன்னலில் போய் நின்றாள். "நான்தான் முதல்னு தெரியுது."

பல்கலைக்கழக வழக்கறிஞர் டாக்டர் புயென்ஃபில் ஓடி வந்தார். "அது தவறுதலா வந்த தாள், இஞ்சினியர். திருப்பிக் கொடுங்க."

"அப்போ சரியான தாளைக் கொடுங்க."

"சரியான தாள்..." தாளை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "சரியான தாள் இல்லை."

இல்லை என்று சொன்னால் போதாது. பல்கலைக்கழகத் தகவல் குழு கூடி முறைப்படி அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கூடினார்கள். அந்தப் புழுக்கத்திலும் எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். வருகைப் பதிவு எடுத்தார்கள். இல்லாத தாளின் முழுப் பெயரை ஒருவர் எழுந்து நின்று வாசித்தார். கைகள் உயர்ந்தன. ஒருமனதாக, அந்தத் தாள் இல்லை. கைதட்டல்.

ஓடாலிஸுக்குப் புல்லரித்தது. இல்லாத தாளுக்கு இத்தனை மரியாதை! இருக்கிற அவளுக்கு ஒரு நாற்காலி போடவில்லை, நின்றுகொண்டேதான் பார்த்தாள்.

"தேடினதுக்கு ஆதாரம்?" என்று கேட்டாள்.

ஒரு கட்டுப் படங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு திறந்த இழுப்பறை, பக்கத்தில் விரல் நீட்டியபடி ஒரு மனிதர். அந்த ஊரில் விரல் இல்லாத படம் ஆதாரமே ஆகாது. உடைந்த குழாயானாலும் சாலைப் பள்ளமானாலும் ஒருவர் நின்று சுட்டிக்காட்டியாக வேண்டும். இந்த விரல் தேடல் அலுவலர் பால்தஸாருடையது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவர் பேசி ஓடாலிஸ் கேட்டதில்லை.

வீட்டில் அம்மா பொசோல் என்கிற சோளக்கூழைக் குடித்துக்கொண்டே படங்களைப் புரட்டினாள்.

"ஏன்டி, இழுப்பறை இந்தப் பக்கம் இருக்கு, இந்த ஆளு எல்லாப் படத்துலயும் அந்தப் பக்கம் கையை நீட்டுறாரு. பக்கவாதமா?"

"எல்லாம் மண்ணு, அம்மா. விரல் நீட்டக்கூடத் தெரியாத மண்ணு."

சிரித்துக்கொண்டே கடைசிப் படத்தைப் பார்த்த ஓடாலிஸ் சிரிப்பை நிறுத்தினாள். அலமாரிக்கு மேலே ஒரு காபி பிளாஸ்க். அதன் அடியில் ஒரு தாள். முத்திரை, கறுப்புப் பட்டைகள், முதல் வரியில் மட்டும் வெளுப்பு.

"முட்டாப் பசங்க! மறைச்சு வச்சுட்டாவது படம் எடுத்திருக்கலாம்."

மறுநாள் படத்தை மேசைமேல் வைத்ததும் புயென்ஃபில் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ காபி ஊற்றிக் கொடுத்தார்.

"என்ன கண்ணு உங்களுக்கு! இந்தக் கண்ணு வெளியில இருக்கக் கூடாது, இஞ்சினியர். எங்க தேடல் பிரிவுக்கு வந்துடுங்க. நிரந்தர வேலை. ஏசி அறை. அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க."

நியமனக் கடிதம் தயாராக இருந்தது. அவளுடைய முழுப் பெயர், அப்பா வழி, அம்மா வழி இரண்டு குடும்பப் பெயர்களோடும், பிழையில்லாமல். இந்தப் பல்கலைக்கழகம் அவள் பெயரைக் கறுப்படிக்காமல் எழுதியது இதுதான் முதல் தடவை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு விட்டு வீங்கிப்போன அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. காப்பீடு.

பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

மூடினாள்.

"என் பேரு இதுல பளிச்சுன்னு இருக்கு சார். அந்த மதிப்பெண் தாள்லயும் இப்படி இருக்கணும். நான் தகவல் ஆணையத்துக்குப் போறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க..."

"யோசிச்சாச்சு."

படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெளி அறையில் பால்தஸார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கோபம் அடங்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குப் பெரிய நன்றி சார். தேடத் தெரியாத ஆளையும் வேலைக்கு வைக்கிறாங்க பாருங்க, அதனாலதான் எனக்குத் தாள் கிடைச்சுது."

சன்னலருகில் ஸொராய்தா விசிறுவதை நிறுத்தினாள். ஓடாலிஸ் வாசலில் ஒரு காலை வைத்துவிட்டாள். அப்போதுதான் முதல் தடவையாகப் பால்தஸாரின் குரல் கேட்டது, மிக மெதுவாக:

"நாங்களும் தேர்வுல முதலா வந்து, தாளைக் கேட்டு, அந்தப் பேனாவுல கையெழுத்துப் போட்டவங்கதான்மா, மையில தண்ணி கலந்தது ஸொராய்தா, படத்துக்குப் படம் தாளைக் காட்டினது என் விரல்."